பூசணிக்காய் உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது

சேரப்பணஞ்சேரி,
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வடக்குப்பட்டு பரசுராமன் அவர்களுக்கு,

சேரப்பணஞ்சேரி புருஷோத்தமன் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மரகதமும் மகள் ரஞ்சனியும் கடவுள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். என் இடுப்பு மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக இருக்கிறது. அதன் விவரம் கீழே வரும். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா முனியம்மாள் அவர்களும், தங்கள் வீட்டுக் கறவை மாடும், எல்லாவற்றுக்கும் மேலாக மாப்பிள்ளை வசந்தகுமாரின் இடது தோள்பட்டைக் காறை எலும்பும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். ஒரு வாரமாக நான் எப்போது போன் செய்தாலும் சம்பந்தியம்மாதான் எடுக்கிறார்கள். தாங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். காலையில் குளிக்கிறீர்கள், மதியம் குளிக்கிறீர்கள், விளக்கு வைக்கிற நேரத்திலும் குளிக்கிறீர்கள். சரி, ஈரத் தலையோடாவது பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பி உங்கள் ஊர்ப் பால் சொசைட்டி வரைக்கும் வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "தோ, பூசணிக்கா மாமா வராரு பாரு" என்றார். பக்கத்திலிருந்தவர் மரியாதையாக எழுந்து, தன் செல்போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, இதில் விழுந்து கிடப்பது தாங்கள்தானா என்று விசாரித்தார். நான்தான் என்று ஒப்புக்கொண்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டேன். ஆகவே கடிதம். வெங்கடேசன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த வெங்கடேசன்தான் போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். நம் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவைத்தவர் என்பதால் மரகதம் ஓடிப்போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். சம்பந்தி, வெங்கடேசனை உங்களுக்கும் தெரியும். துக்க வீட்டிலேயே காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். அவர் டம்ளரைத் தள்ளி வைத்ததுமே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நிச்சயம் பண்ண நாள்லர்ந்து பையன் வூட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துகினே கீதாம். பொண்ணு ராசி எப்படின்னு பாக்கணும்னு அந்தம்மா சொல்லுது. கார்த்திகைல வேணாம், தை பொறக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்னு சொல்றாங்க." தை பிறக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானே என் அக்காள் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க அப்படித்தான் சொன்னேன்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. ரஞ்சனி கதவருகே வந்து நின்றாள். ஒரு கம்பெனியில் நாற்பது பெண்களை வைத்து உற்பத்தி லைன் நடத்துகிற பெண், சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவள், அன்று கதவுத் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தாள். வெங்கடேசன் போன பிறகு மெதுவாக, "ஒருவேளை என்னாலதான் இருக்குமோப்பா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படிப் பேசாதே என்று அவளிடம் சத்தம் போட்டேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதத்தான் ஆசை; ஆனால் மரகதம் இதைப் படித்துப் பார்ப்பாள்.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். அது என் மகளின் ராசி இல்லை, சம்பந்தி. அது நான்.

நிச்சயம் ஆனதிலிருந்து தங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் சம்பந்தியம்மா கணக்கு வைத்திருப்பதாக வெங்கடேசன் சொன்னார். தயவுசெய்து அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆவணியில் உங்கள் போர் மோட்டார் எரிந்தது. அதற்கு முந்தின நாள் நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று வந்து, சத்தம் ஒரு மாதிரி வருகிறதே என்று அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை இழுத்துப் பார்த்தது யார்? நான். பிறகு உங்கள் மாடு இரண்டு நாள் தீவனம் எடுக்காமல் படுத்தது. சம்பந்தி வீட்டு மாடாயிற்றே என்று எங்கள் கம்பெனி கேன்டீனில் மிஞ்சிய பொங்கலை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து ஊற்றியது யார்? அதுவும் நான். இதில் ரஞ்சனி எங்கே வருகிறாள்? அவள் அப்போது ஷிஃப்டில் இருந்தாள். ராசி பார்ப்பதென்றால் என் ஜாதகத்தை எடுத்துப் பார்க்கட்டும். எனக்கே பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேசச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நம் ஊர்ப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் இங்கே என்ன பாடுபட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நமக்குச் சைக்கிள் புதிதா? ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஒரகடம் கூட்ரோடு சந்திப்பில் நின்றால் சைக்கிள் மணிச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. தெற்கத்திப் பையன்கள் ரூம் எடுத்ததும் முதலில் பாய் வாங்குகிறார்கள், அடுத்து செகண்ட்ஹேண்ட் சைக்கிள் வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாக வருகிறவர்களைப் பார்த்து முன்பெல்லாம் நாய்கள் குரைக்கும். இப்போது நாய்களே எழுந்து வழிவிடுகின்றன. அப்படியிருந்தும், எந்தெந்த நாட்டிலிருந்தோ வீரர்கள் வந்து படப்பைப் பக்கம் ஆரம்பித்து, ஒரகடம் போய், ஸ்ரீபெரும்புதூர் திரும்பி, மறுபடி நம் வாசல் வழியாகவே சுற்றிச் சுற்றி வரப்போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் வெளிநாட்டு மெக்கானிக்குகள் மொட்டைமாடிக் கொடியில் பனியனோடு சக்கரங்களையும் தொங்கவிட்டிருந்ததைப் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். எங்கள் தெரு இட்லிக் கடை ஒரே நாளில் சாம்பியன் இட்லிக் கடை ஆகிவிட்டது. இட்லி அதேதான்.

எனக்கு இதில் எவ்வளவு மரியாதை இருந்தது என்று கேட்டால், சுத்தமாக இல்லை. பெண் பார்க்க மாப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கியபோது, பையனுக்கு வண்டி வாங்க வசதியில்லையோ என்று நான் வெங்கடேசன் காதில் கேட்டது தங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்தச் சைக்கிளின் விலை என் பைக்கைவிட அதிகம் என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்துபோய் அதை நிழலில் நிறுத்தினேன். அதன் பிறகு மாப்பிள்ளையின் சைக்கிளைப் பற்றி ஊரெல்லாம் நானேதான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

போட்டிக்கு முன்பாக இந்தப் பக்கத்துக் கம்பெனி சைக்கிள் கிளப் பையன்கள் ஒரு சுற்று ஊர்வலமாக ஓட்டுவார்கள், அதையும் டிவியில் காட்டுவார்கள், முன்வரிசையில் நம் மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்த அன்றே என் நடை மாறிவிட்டதாக மரகதம் சொல்கிறாள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் பிரசன்னா என்னைக் கூப்பிட்டார். அந்தந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கிற ரோட்டை அந்தந்தக் கம்பெனியே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் வாசலுக்கு, கேட் செக்யூரிட்டி சூப்பர்வைசர் என்ற முறையில், நான்தான் பொறுப்பாம். பளபளக்கிற சட்டை ஒன்று, விசில் ஒன்று, மஞ்சள் கொடி ஒன்று கொடுத்தார்கள். வெங்கடேசன் உங்களிடம் என்னைச் சாம்பியன்ஷிப் கமிட்டி மெம்பர் என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். ரோட்டில் எதெல்லாம் இருக்கக் கூடாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். கல், மணல், ஆயில், நாய், மாடு, தண்ணீர் பாட்டில், செல்ஃபி எடுக்கிறவர்கள். பூசணிக்காய் என்று அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். இதை என் கீழே வேலை பார்க்கும் அந்தோணிராஜிடம் சொன்னபோது, "யானை படமுந்தான் இல்ல, அண்ணாச்சி" என்றான். தூத்துக்குடிப் பையன். வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

நான் பொறுப்பை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். போட்டிக்கு முந்தின வாரமே என் பங்கு ரோட்டை ஈர்க்குச்சி விளக்குமாற்றால் பெருக்க வைத்தேன். ரோட்டோரம் நெல் காயப் போட்டிருந்த என் சொந்தத் தம்பியிடம் விசில் ஊதி, அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். அவன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நாய்களுக்கு பிஸ்கட் போட்டு ஷெட்டுக்குப் பின்னால் பழக்கினேன். அந்தோணிராஜை வாசலையொட்டிய ரோட்டு வளைவில், ஜனம் உள்ளே வராமல் இருக்கக் கம்பத்தில் கட்டிய கயிற்றைப் பிடிக்க நிறுத்தி, வானமே இடிந்து விழுந்தாலும் கயிற்றை விடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். இந்த உத்தரவைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். நம் ஊர்ப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேமராக்காரர்கள் ஏணி போட்டு ஏறி நிற்கிறார்கள். தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் சுற்றுகிறது. என் காது பக்கத்தில் யாரோ, "வடக்குப்பட்டு பரசுராமன் பையனாமே, சினிமாக்காரன் மாதிரி கீறானே" என்றார்கள். இன்னொரு அம்மாள் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுதான், சம்பந்தி, எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எனக்குத் திக்கென்றது. இத்தனை கண்ணும், இத்தனை நாட்டுக் கண்ணும், டிவி வழியாக வருகிற கண்ணும் என் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற ஒரே பையன் மேலே விழப்போகிறதே, யாராவது திருஷ்டி கழித்தார்களா? எங்கள் கம்பெனிக்குப் புது பிரஸ் மிஷின் வந்தபோது பூசணிக்காய் உடைத்தோம். ஸ்டாஃப் பஸ் வந்தபோது உடைத்தோம். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்ததற்கே உடைத்தோம். ஒரு இரும்பு கேட்டுக்கு இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்கு இல்லையா?

செக்யூரிட்டி கேபினில் ஆயுத பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய பூசணிக்காய் ஒன்று மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் தலையில் துளை போட்டேன், குங்குமத்தை நிறையக் கொட்டினேன், சில்லறை போட்டேன், சூடம் வைத்துத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வந்தேன். சாப்பாடு கொண்டுவந்திருந்த மரகதம் பார்த்துவிட்டு, "இந்த நேரத்துல அத்த தூக்கினு எங்க போறீங்க?" என்று கேட்டாள். கமிட்டி வேலை என்றேன். அந்தோணிராஜ் கயிற்றைப் பிடித்தபடியே, "ரோட்டுல ஒரு தூசி கெடக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னிய?" என்றான். பொருள்தான் கிடக்கக் கூடாது, இது பொருளில்லை, திருஷ்டி என்று விளக்கினேன். உடைத்த மறு நிமிடமே நீ பெருக்கித் தள்ளிவிடு என்று விளக்குமாற்றையும் அவன் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஊர்வலம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அதாவது இருப்பதாக நான் நினைத்தேன். சுற்றினேன். பலம் கொண்ட மட்டும் ஓங்கி உடைத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக ஒரு பூசணிக்காயை உடைத்ததில்லை. வெள்ளையும் சிவப்புமாக ரோடு பூராவும் போனது.

இனிமேல் நடந்ததற்கு நம் வழக்கம்தான் காரணம். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நேராகப் போய்க் கை கால் கழுவ வேண்டும். திரும்பினால் கழித்த திருஷ்டி அத்தனையும் கூடவே வந்துவிடும். இது உங்களுக்கும் தெரியும், சம்பந்தியம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் விறைப்பாக நடந்து கேட்டுக்குள் இருக்கிற குழாயடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தேன். பின்னால் அந்தோணிராஜ் பெருக்கிக்கொண்டிருப்பான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் அவன் கயிற்றை விடவில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் விடக் கூடாதல்லவா? இரண்டு உத்தரவும் என்னுடையது. அவன் முதலில் போட்டதை மதித்தான்.

அப்போது பின்னால் கைதட்டல் கேட்டது. ஊர்வலம் வந்துவிட்டது என்று புரிந்தது. அடுத்து ஒரு பெரிய சத்தம், தகர டப்பாக்களை மாடியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி. அதற்கடுத்து ஜனங்கள் ஒரே குரலாக "அய்யய்யோ" என்றார்கள். சம்பந்தி, அப்போதும் நான் திரும்பவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக என்னை நீங்கள் என்ன சொல்லித் திட்டினாலும் தகும். ஈரக் காலோடு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, "அந்தோணி, இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நீங்க திரும்பாதிய, அண்ணாச்சி. திரும்பாம இருக்கதுதான் நல்லது" என்றான்.

திரும்பினேன். மாப்பிள்ளை ரோட்டில் கிடக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த பையன்களும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். என் பூசணிக்காய் எல்லோர் மேலும் அப்பியிருக்கிறது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதற்கு விளக்குமாறு என்று மரகதம் இன்னும் கேட்கிறாள். ஈரக் கால், பூசணிச் சதை. சறுக்கிக்கொண்டே போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்தேன். வீடியோ இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதால் இதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதது ஒன்று உண்டு. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது மாப்பிள்ளை அந்த வலியிலும் தலையைத் திருப்பி, "வாங்க மாமா" என்றார். தங்கள் வளர்ப்பு, சம்பந்தி. அந்தப் பையனை இழக்க எனக்கு மனமில்லை.

சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா குதித்து இறங்கி ஓடி வந்தவர், எங்களையெல்லாம் தாண்டிப் போய், குங்குமம் வழிகிற பெரிய பூசணித் துண்டுக்கு முன்னால் மண்டியிட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது யாரோ ஒருவருடைய உடைந்த தலையாகத்தான் தெரிந்திருக்கும். கையுறையோடு தொட்டுப் பார்த்தார். விதை கையோடு வந்தது. ஒரு ரூபாய்க் காசும் வந்தது. அவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஸ்ட்ரெச்சரை எங்கள் பக்கம் கொண்டுவரச் சொன்னார். எல்லோரையும்விடச் சத்தமாக நான் கத்திக்கொண்டிருந்ததால் முதலில் என்னைத்தான் ஏற்றினார்கள். எலும்பு முறிந்த மாப்பிள்ளை தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார்.

போட்டி நடத்துகிற பெரிய அதிகாரி ஒருவர் வந்து இது என்ன காய், எதற்காக உடைத்தார்கள் என்று கேட்டார். பிரசன்னா பொய் சொல்லத் தெரியாத மனிதர். விபத்து எதுவும் வராமல் இருக்க உடைப்பது என்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அதிகாரி பூசணிக்காயைப் பார்த்தார், விழுந்து கிடந்த சைக்கிள்களைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரில் கிடந்த என்னைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். தீயணைப்பு வண்டி வந்து ரோட்டைக் கழுவிக் கொடுக்க, போட்டி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ஊரே வருஷம் முழுக்கக் காத்திருந்த போட்டி, என் கம்பெனி வாசலிலேயே நடந்தது, நான் பார்க்கவில்லை. முதலுதவிக் கூடாரத்தில் ஊசி போடுவதற்காகக் குப்புறப் படுத்திருந்தேன். தகரக் கூரை மேல் மழை வந்து போகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அதுதான் போட்டி என்றார்கள்.

இதில் என் மகள் செய்த குற்றம் என்ன, சம்பந்தி? அவள் லீவு போட்டுவிட்டு, தாங்கள் நிச்சயத்துக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, வளைவுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் நிழலில் நின்றிருந்தாள். வாயைக்கூடத் திறக்கவில்லை. பூசணிக்காய்க்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பஸ்ஸே நிற்கலாம். அவளுக்கும் இந்த விபத்துக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை என்று என் குலதெய்வத்தின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளி வையுங்கள். கல்யாணத்தைத் தள்ளி வைக்காதீர்கள். கல்யாணத்தன்று நான் மேடை பக்கமே வரமாட்டேன். தாரை வார்க்கிற நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டால் வந்து கையை நீட்டிவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஆரத்தித் தட்டு, தேங்காய், பூசணிக்காய், மோட்டார் ஸ்டார்ட்டர், மாட்டுத் தீவனம் எதையும் தொடமாட்டேன். ராசியில்லாதவன் என்று மண்டபத்து வாசலில் எனக்கு ஒரு போர்டு வைத்தாலும் சம்மதம். என் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பெயர் வேண்டாம். வெங்கடேசன் வந்து போனதிலிருந்து அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரங்களைச் சொல்லவும். மாட்டுக்கு என் மன்னிப்பைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். எலும்பு கூடும்வரை மரகதம் தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்புவாள், நான் கொண்டுவரமாட்டேன் என்பதால் தைரியமாகக் குடிக்கலாம். இருதரப்புக் குலதெய்வங்களும் கலந்து பேசி ஒரு நல்ல முடிவுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
கோ. புருஷோத்தமன்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையே வந்துவிட்டார். கையைத் தூளி கட்டிக்கொண்டு ஒரு நண்பனின் பைக் பின்னால் உட்கார்ந்து வந்தார். தங்கள் வீட்டில் எல்லோரும் அவர் பிசியோதெரபிக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களாம், காட்டிக்கொடுக்க வேண்டாம். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, காறை எலும்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு ரஞ்சனியைப் பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"பூசணிக்காய தாண்டி வந்துட்டேன் மாமா" என்றார். "தூரத்துலயே தெரிஞ்சிச்சி. சைக்கிள் ஓட்டறவன் ரோட்டத்தான் மொதல்ல பாப்பான். ஒதுங்கி வந்தப்பறம்தான் பஸ் ஸ்டாப்பாண்ட இவ நிக்கறத பாத்தேன், அந்தப் பொடவைல. கைய தூக்கினேன். இவளும் தூக்கினா. அவ்ளோதான், கயிறு கட்டன கம்பத்துல போயி மோதிட்டேன்." பின்னால் வந்தவர்கள் பிரேக் பிடித்துச் சறுக்கியபோதுதான் பூசணிக்காய் அவர்கள் மேல் அப்பியதாம். அந்தோணிராஜைக் கேட்டேன். தானும் பார்த்ததாகவும், நான் இவ்வளவு ஆசையாகப் பழியை ஏற்றுக்கொள்ளும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டதாகவும் சொல்கிறான். அந்தக் கொஞ்ச நேரம் நான் சுவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்திருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க வேண்டாம்.

ஆக, சம்பந்தியம்மா சொன்னது உண்மைதான். என் மகளால்தான் மாப்பிள்ளை விழுந்தார். குலதெய்வத்தின் மேல் நான் செய்த சத்தியத்தைப் பற்றிப் பூசாரியிடம் கேட்டுக்கொள்கிறேன். இது சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பின்குறிப்பைத் தனித் தாளில்தான் எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துக் குளிக்கிற வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, மற்றதை மட்டும் அவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும். நான் விழுந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.